தாத்தா வீசிய பறை, பேத்தி எடுத்த பறை

நம் பிள்ளைகளில் ஒருவரை இழக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு குரல்கள் எழுகின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனவலிமை போதவில்லை என்கிறது ஒன்று. முன்கூட்டியே கவுன்சலிங் கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்கிறது மற்றொன்று. முதல் குரல் பழியைப் பிள்ளையின் மேல் போடுகிறது. இரண்டாவது குரல் அக்கறையோடுதான் பேசுகிறது. ஆனால் நோயைப் பற்றிப் பேசும் அளவுக்கு, நோய் வந்த வழியைப் பற்றிப் பேசுவதில்லை.

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2017 மார்ச்சில் டெல்லி ஜே.என்.யூ.வில் படித்துக்கொண்டிருந்த சேலத்துத் தோழர் முத்துக்கிருஷ்ணனை இழந்தோம். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று நம் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் அனிதாவை இழந்தோம். திருச்சிச் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண். நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற 17 வயதுப் பெண். அவருக்கு மனவலிமை இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அப்படியானால் கேள்வியை மாற்றிக் கேட்போம். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் இளைஞர்களுக்கு, எல்லாக் கதவும் அடைபடும் நாளில் தாங்கிப் பிடிப்பது எது? அதை அவர்களுக்கு யார் சேர்த்துவைக்க வேண்டும்? இது மருத்துவர்களை மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. வரலாற்றையும் கேட்க வேண்டிய கேள்வி.

குதிரை ஏறிய பிள்ளைகள்

முதலில் கடலுக்கு அப்பால் ஒரு கதை. வட அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமைகளை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்கள் லக்கோட்டா. அமெரிக்க அரசு அவர்கள் நிலத்தைப் பிடுங்கியது. 1879-இல் பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் ஓர் உறைவிடப் பள்ளி திறந்தது. முதல் அணியாக ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களில் லக்கோட்டாப் பிள்ளைகள் அதிகம். போனதும் முடியை வெட்டினார்கள். லக்கோட்டா மக்களிடம் முடியை வெட்டுவது துக்கத்தின் அடையாளம். பிறகு பெயரை மாற்றினார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். 1883-இல் வந்த விதிகள் அவர்களுடைய சூரிய நடனத்தையும் சடங்குகளையும் குற்றமாக்கின. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற இடத்தில் பெண்களும் குழந்தைகளுமாக சுமார் 250 முதல் 300 பேரை ராணுவம் சுட்டுக் கொன்றது. தங்கள் சடங்குகளைத் தடையின்றிச் செய்யும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்க அவர்கள் 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று லக்கோட்டா ஒதுக்கிடங்களில் இளைஞர் தற்கொலை பெருந்துயரம். 2015-இல் பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தின் பழங்குடித் தலைமை இதற்காகவே அவசரநிலை அறிவித்தது. இந்தத் துயரத்துக்கு ஒரு பெயர் வைத்தவர் லக்கோட்டாச் சமூகப்பணி அறிஞர் மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட். வரலாற்றுக் காயம் என்றார். தாத்தன் பாட்டி பட்ட அடி, துக்கம் கொண்டாடவும் அனுமதிக்கப்படாத அந்த அடி, பேரப்பிள்ளையின் உடம்பிலும் மனசிலும் வந்து வலிக்கிறது என்பதே அதன் பொருள். 1992-இல் தக்கினி என்ற அமைப்பின் வழியாக, தம் மக்கள் ஒன்றுகூடி அந்தத் துக்கத்தைப் பேசவும் அழவும் மீளவும் வழி செய்தார்.

அவருக்கு முன்பே ஊர் மக்கள் தாமாக ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். 1986 முதல் 1990 வரை ஒவ்வொரு டிசம்பரிலும், கொல்லப்பட்ட முன்னோர் நடந்த அதே வழியில், உறைபனியில் குதிரையேறி வூண்டட் நீ வரை சென்றார்கள். நூறாவது ஆண்டில் கண்ணீர் துடைக்கும் சடங்கு செய்து துக்கத்தை முடித்தார்கள். அதன் பிறகு அந்தப் பயணம் வருங்காலத் தலைமுறையின் பயணமாக இளைஞர் கைக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம். குதிரையைப் பார்த்துக்கொள்வது, குளிரைத் தாங்குவது, பெரியவர் சொல்லும் கதையைக் கேட்பது, தன்னைவிடச் சின்னவனைக் கவனித்துக்கொள்வது. அங்கே தலைமைப் பயிற்சி என்பதும் மனநலம் என்பதும் இந்த ஒரே பயணம்தான்.

இன்னொரு செய்தி நமக்கு இன்னும் முக்கியம். ஷயான் ரிவர் ஒதுக்கிடத்தில் இளைஞர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ளச் சில இளைஞர்கள் 2015-இல் ஒரு குழு சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்டாண்டிங் ராக் பகுதியில் எண்ணெய்க் குழாய்க்கு எதிரான போராட்டம் தொடங்கியபோது முதலில் வந்து நின்றவர்களில் அவர்களும் உண்டு. அந்த வட்டார இளைஞர்கள் வாஷிங்டன் வரை ஏறத்தாழ 2000 மைல் தொடரோட்டம் ஓடி மனு கொடுத்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த ஒரு போராட்டத்துக்கு, உயிரோடு இருப்போம் என்று உறுதி எடுத்த பிள்ளைகள் வலுச் சேர்த்தார்கள்.

நம் கதை வேறு

இதைப் படித்ததும், நாமும் நம் பண்பாட்டை எடுப்போம், பிள்ளைகள் கையில் பறையைக் கொடுப்போம் என்று தோன்றும். தோழர்களே, கொஞ்சம் நில்லுங்கள். இங்கே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது.

லக்கோட்டா மக்களின் சடங்குகளை அரசு தடை செய்தது. நம் பறையை யாரும் தடை செய்யவில்லை. அடித்தே தீர வேண்டும் என்றார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த அந்தக் கருவி, காலப்போக்கில் ஒரு சாதியின் கழுத்தில் மாட்டப்பட்ட கயிறானது. ஊரில் சாவு விழுந்தால் அடிக்க வேண்டும். சாவுச் சேதி சொல்ல வேண்டும். குழி வெட்ட வேண்டும். செத்த மாட்டைத் தூக்க வேண்டும். திருவிழாவில் அடிக்க வேண்டும். ஆனால் கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. கூலி என்று ஒன்று கிடையாது. களத்தில் அளந்து போடும் தானமும் எட்ட நின்று வாங்கும் சோறும்தான்.

எனவே பறைச் சத்தத்தைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது பெருமிதம் மட்டும் அல்ல. குரும்பலூர்ப் பக்கத்துச் சேரிகளில் 60, 70 வயதைக் கடந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். சிலர் கண் மின்ன அடிமுறைகளைச் சொல்வார்கள். சிலர் அந்தப் பேச்சே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள். பேத்தி பறை கற்கப் போகிறாள் என்றதும் வீட்டில் சண்டை வந்த கதைகளும் உண்டு. அந்தப் பெரியவர் பிற்போக்காகப் பேசுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தம் காயத்திலிருந்து பேசுகிறார்.

முடியாது என்ற சொல்

நம் வரலாற்றில் மனம் மீளத் தொடங்கியது, பறையை எடுத்த நாளில் அல்ல. அதைக் கீழே வைத்த நாளில்.

அந்த நாளுக்கு நெடுங்காலம் மண் பதப்படுத்தியவர்கள் இருக்கிறார்கள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரையே தலைப்பாக வைத்துப் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் பௌத்தம் தழுவி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 முதல் நடத்திய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், நீங்கள் தாழ்ந்தவர்கள் அல்லர், தாழ்த்தப்பட்ட பூர்வ பௌத்தர்கள் என்று வாரந்தோறும் எழுதினார். அவர் சொன்ன வரலாற்றின் ஒவ்வொரு வரியையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒரு தொழிலாளிக்கு, தன் பாட்டன் யார் என்று தலை நிமிர்ந்து சொல்ல ஒரு கதை கிடைத்தது. கவுன்சலிங் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு நடந்த மனநலப் பணி அது.

நமக்குப் பக்கத்தில், சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தில்லைக்குள் நுழைய நெருப்பில் இறங்க வேண்டும் என்று எந்த நந்தனுக்குச் சொல்லப்பட்டதோ, அந்த நந்தன் பெயரிலேயே அதே ஊரில் பள்ளி. சேரிப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். விடுதி என்பது நமக்குச் சோறும் கூரையும் மட்டுமாக இருந்ததில்லை. ஒன்றாக உண்டு, ஒன்றாகப் படித்து, ஒருவருக்கு வந்த அவமானத்தை எல்லோருமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளும் இடம் அது.

அரியலூர் மாவட்ட எல்லையை ஒட்டிய காட்டுமன்னார்கோயில் வட்டாரத்திலிருந்து எழுந்தவர் எல். இளையபெருமாள். படிக்கும் காலத்தில், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென்று வைத்திருந்த தனித் தண்ணீர்ப் பானையை உடைத்தவர் என்பது அவரைப் பற்றிப் பேசும் எவரும் சொல்லும் செய்தி. 1952-இல் நாடாளுமன்றம் போனபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. தீண்டாமை குறித்து ஆராய அவர் தலைமையில் அமைந்த குழு 1969-இல் அறிக்கை கொடுத்தது. பானையை உடைத்த கை நாட்டின் தீண்டாமையைக் கணக்கெடுத்தது. இளைஞர் தலைமை என்றால் நமக்கு நினைவுக்கு வர வேண்டிய முகங்களில் ஒன்று அது.

வடக்கே இதே பாதையை அண்ணல் அம்பேத்கர் போட்டார். 1927-இல் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள் என்றார். பரம்பரைக் கிராம ஊழியமான மகர் வதனை ஒழிக்க நெடுங்காலம் போராடினார். இழிவைச் சுமத்தும் வேலையை விடாமல் மனம் விடுதலை ஆகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1991-இல் அண்ணலின் நூற்றாண்டு வந்தபோது தமிழகத்துச் சேரிகளில் அம்பேத்கர் மன்றங்கள் பெருகின. ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு படம், ஒரு பெயர்ப்பலகை, மாலையில் டியூஷன், இரவில் கூட்டம். அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் போன்றவர்கள் அந்தப் பத்தாண்டில் ஊர் ஊராகப் போய் இளைஞர்களைத் திரட்டினார்கள். இனி அடிக்க மாட்டோம், இனி தூக்க மாட்டோம் என்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் எழுந்தது இந்தக் காலத்தில்தான். விலை கொடுக்காமல் அது நடக்கவில்லை. வேலை கொடுக்க மறுத்தார்கள். பாதையை அடைத்தார்கள். குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஆனாலும் பல ஊர்களில் பறை கீழே வைக்கப்பட்டது. சில ஊர்களில் உடைக்கப்பட்டது, எரிக்கப்பட்டது.

இது பண்பாட்டை இழந்த கதை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வருத்தப்படலாம். நாம் அப்படிப் பார்க்கக் கூடாது. முடியாது என்று ஒருவர் சொல்ல முடிந்த நாளில்தான், சரி என்று அவர் சொல்வதற்கும் பொருள் வருகிறது.

மீண்டும் எடுத்த கைகள்

கீழே வைத்த அதே காலத்தில், மறுபக்கம் வேறு சில கைகள் அதை எடுத்தன. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் 1990-களில் தலித் கலை விழாக்களை நடத்தியது. 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை மேடைக்கும் வகுப்பறைக்கும் கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா சக்தி கலைக் குழுவை உருவாக்கினார். பள்ளியைப் பாதியில் விட்ட தலித் பெண்கள் அங்கே தங்கி, பறையும் ஒயிலும் கும்மியும் கற்றார்கள். கூடவே தையலும் படிப்பும் சாதியைப் பற்றிய பேச்சும். ஊர்ச் சாவில் பறை ஆண்களின் தலையில் கட்டப்பட்ட கடமை. பெண் கை அதைத் தொட்டதில்லை. ஆகவே ஒரு பெண் அதை எடுத்து இடுப்பில் சாய்த்து நின்றபோது, பழைய கட்டளை எதுவும் அவளிடம் செல்லுபடியாகவில்லை.

பிறகு மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக் குழு போன்றவை ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தன. 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. 2025-இல் பறை ஆசான் வேலுவுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எந்தக் கருவியை வைத்து ஒருவரைத் தீண்டத்தகாதவர் என்றார்களோ, அதே கருவிக்காக நாட்டின் விருது.

இது நமக்கு மட்டும் நடந்ததும் அல்ல. ஜப்பானில் புராக்குமின் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு, தைக்கோ என்ற பெருமுரசுகளைச் செய்தார்கள். வாசித்துப் பெயர் வாங்கியவர்கள் வேறு ஆட்கள். 1987-இல் ஒசாக்கா நகரின் நானிவா பகுதியில் அந்தச் சமூகத்து இளைஞர்கள் தாமே வாசிக்கத் தொடங்கினார்கள். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் இக்காரி. கோபம் என்று பொருள்.

கற்கும் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது? பறையைத் தனியாக அடித்துப் பழகலாம்; ஆனால் ஆட்டத்தோடு சேர்ந்தே அது முழுமை பெறும். வட்டமாக நிற்க வேண்டும். தோலை நெருப்பில் காய்ச்சிப் பதம் பார்க்க வேண்டும். அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் காலைப் பார்த்துத் தன் காலை வைக்க வேண்டும். வகுப்பில் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து, சாதிச் சான்றிதழைக் கேட்கும்போது குரல் உள்ளே போய்விடும் ஒரு பிள்ளைக்கு, ஊர் நடுவில் சத்தம் எழுப்ப உரிமை இருக்கிறது என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளை புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது. தலைமை அங்கே பிறக்கிறது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

ஒன்று, பறை மருத்துவருக்கு மாற்று அல்ல. தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்வதில் பிடிப்பு விட்டுப்போன ஒருவரைக் கலைப் பயிற்சிக்கு அழைத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. அரசு மருத்துவமனைக்குக் கூடவே போக வேண்டும். மனநல மருத்துவரைப் பார்ப்பதும் மாத்திரை எடுப்பதும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பது போலத்தான்.

இரண்டு, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பள்ளி விழாவுக்குப் பறை வேண்டும் என்றதும் சேரிப் பிள்ளைகளை மட்டும் அழைத்து அடிக்கச் சொன்னால் அது பழைய ஊழியம்தான். சீருடை போட்டிருக்கிறது, அவ்வளவே. வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளையும் கற்கட்டும். வேண்டாம் என்னும் பிள்ளை கவிதை எழுதட்டும், பந்து விளையாடட்டும், படம் எடுக்கட்டும். பிணத்தைத் தூக்கவோ குழி வெட்டவோ பட்டியல் சாதியினரைப் பணிப்பது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

மூன்று, காயம் ஆறும் வேலையை நாம் செய்கிறோம் என்பதற்காக, காயப்படுத்துகிறவர்கள் தப்பிவிடக் கூடாது. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தைத் தோரட் குழு 2007-லேயே எழுதிக் கொடுத்தது. அதன் பிறகும் எத்தனை பெயர்களை நாம் எழுத வேண்டியிருந்தது! 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது முதல் சமூக நீதி மாணவர் படை அமைப்பது வரை அதில் பரிந்துரைகள் உள்ளன. அவற்றை நடைமுறைப்படுத்தக் கேட்பதும் மனநலப் பணியே.

நம் ஊரில்

2011 கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். குரும்பலூர் அரசுக் கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுபவர்கள். விடுமுறை நாளில் சின்ன வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் வேலைக்குப் போய்த்தான் பலர் படிக்கிறார்கள். தேர்வில் தோற்றால் வீட்டில் சொல்ல முடியாது. வகுப்பில் அவமானம் நேர்ந்தாலும் சொல்ல முடியாது. படிக்க அனுப்பியதே பெரிது என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். அந்த மௌனம்தான் ஆபத்து.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பூட்டிக் கிடக்கும் அம்பேத்கர் மன்றத்தைத் திறப்போம். வாரம் ஒரு மாலை வட்டமாக உட்காருவோம். முதல் வாரம் பறை வேண்டாம். ஊரில் பறை எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று ஒரு பெரியவரை அழைத்துக் கேட்போம். பாட்டிமார்களையும் கேட்போம், அவர்கள் பட்டது இன்னும் எழுதப்படவில்லை. கேட்டதை மாணவர்கள் எழுதிவைக்கட்டும். அதன் பிறகு கற்க விரும்புகிறவர் கற்கட்டும். ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு பேரின் பெயரைப் பொறுப்பேற்போம். அந்த இருவரில் ஒருவர் இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். லக்கோட்டாப் பிள்ளைகள் பனியில் செய்ததை நாம் இந்த வெயிலில் செய்யலாம்.

தாத்தா பறையை வீசியது பேத்தி அதைத் தொடவே கூடாது என்பதற்காக அல்ல. யாரும் சொல்லி அவள் அடிக்கக் கூடாது என்பதற்காக. அவள் விரும்பி எடுத்தாலும், விரும்பாமல் விட்டாலும், அவர் கேட்ட விடுதலை அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதை அவள் நெடுநாள் வாழ்ந்து அனுபவிக்க வேண்டும் என்பதே நம் வேலை.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இப்போது மனம் தாங்கவில்லை என்றால், தனியாக இருக்க வேண்டாம். 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம். பேசிவிட்டு நம்மில் ஒருவரையும் அழையுங்கள். வந்துவிடுவோம்.

ஜெய் பீம்!